நேபாளத்தில் இன்டர்ன்ஷிப்: டிக்கெட் எடுக்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

சமூகப்பணி, ஊரக வளர்ச்சி, பொதுச் சுகாதாரம் போன்ற துறைகளில் படிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கோடை விடுமுறை நெருங்கும்போது ஒரு கேள்வியோடு வருவார்கள். "நேபாளத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. போகலாமா?"

இந்தியர்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. மற்ற நாடுகளை விடச் செலவும் குறைவு. சமுதாய மேம்பாட்டில் அந்நாட்டு மக்கள் செய்து காட்டியிருப்பவற்றில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆகவே போகலாம் என்பதே என் பதில். ஆனால் எந்த நிறுவனத்துக்கு, என்ன வேலைக்கு, எந்த மாதத்தில் என்பது தெளிவான பிறகே போக வேண்டும்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் பணம். இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் சேர்த்துவிடும் நிறுவனங்கள் மாணவரிடம் 'திட்டக் கட்டணம்' வாங்குகின்றன. தங்குமிடம், சாப்பாடு, விமான நிலையத்திலிருந்து அழைத்துச் செல்வது எல்லாம் அதில் அடக்கம். கட்டணம் வாங்குவதே தவறு என்று சொல்ல மாட்டேன். நீங்கள் தங்கவும் உண்ணவும் செலவாகத்தான் செய்யும். ஆனால் ஒரு நிறுவனத்துக்கு வருமானம் முழுவதும் மாணவர்களிடமிருந்தே வந்தால், அது மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்களைத்தான், ஊர்க்காரர்களை அல்ல. உங்களுக்குப் பிடித்த வேலை, படம் எடுக்கத் தோதான இடம், கிளம்பும்போது ஒரு சான்றிதழ் என்று எல்லா ஏற்பாடும் உங்களைச் சுற்றியே நடக்கும். ஊருக்கு என்ன தேவை என்று கேட்பார் இருக்க மாட்டார்கள்.

இதன் மிக மோசமான வடிவத்தை நேபாளத்தின் அனாதை இல்லங்களில் பார்க்கலாம். 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். பிள்ளையைப் பத்திரமாகக் காத்மாண்டுவில் படிக்க வைப்பதாகச் சொல்லி, பெற்றோரிடமே பணமும் வாங்கிக்கொண்டு குழந்தைகளை அழைத்து வந்தார்கள். அவர்களில் பலர் அனாதைகள் என்ற போலி ஆவணத்தோடு இல்லங்களில் சேர்க்கப்பட்டார்கள். போர் ஓய்ந்த பிறகும் இந்தத் தொழில் ஓயவில்லை. நாட்டின் குழந்தை இல்லங்களில் பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், சித்வன், பொக்காரா நகரம் இருக்கும் காஸ்கி ஆகிய ஐந்து மாவட்டங்களில் குவிந்திருக்கின்றன. வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வரும் மாவட்டங்களும் இவையே. அங்குள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு, புதிய இல்லங்கள் தொடங்குவதையும், பெற்றோரோ உரிய பாதுகாவலரோ இல்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்வதையும் நேபாள அரசு தடுக்க வேண்டிவந்தது.

எச்சரிக்கை அறிகுறிகள்

இல்லத்து வாசலில் நீங்கள் கால் வைத்ததும் நான்கைந்து குழந்தைகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வார்கள். உங்கள் பெயர்கூடத் தெரியாத ஒரு குழந்தை மடியில் ஏறி உட்காரும். பார்ப்பவருக்கு மனம் இளகிவிடும். குழந்தைகளோடு தொழில்முறையில் பழகுபவர்களுக்கு அது கவலை தரும் காட்சி. நிலையாகப் பார்த்துக்கொள்ள ஒருவர் இல்லாமல், மாதத்துக்கு ஒருவர் வந்து பாசம் காட்டிவிட்டுப் போகும் சூழலில் வளரும் குழந்தை முன்பின் தெரியாதவரிடமும் ஒட்டிக்கொள்ளும். இது பற்றுக் கோளாறின் (நெருங்கியவர், அந்நியர் என்ற வேறுபாடு குழந்தையின் மனத்தில் உருவாகாமல் போவது) அறிகுறியாக இருக்கலாம். இரண்டு மாதம் விளையாடிவிட்டு நீங்களும் கிளம்பினால், அந்தக் குழந்தையை விட்டுப் போனவர்களின் வரிசையில் நீங்களும் ஒருவர். எனவே குழந்தை இல்லத்தில் பணி என்றால், அது எவ்வளவு நல்ல இல்லமாகத் தெரிந்தாலும், ஏற்காதீர்கள்.

மற்ற அறிகுறிகளை வீட்டிலிருந்தே கண்டுகொள்ளலாம். உங்களிடம் நேர்காணல் இல்லை, கல்லூரிக் கடிதம் கேட்கவில்லை, காவல்துறை நன்னடத்தைச் சான்றும் கேட்கவில்லை. பணம் மட்டும் கேட்கிறார்கள் என்றால் யோசியுங்கள். யாரைப் பற்றியும் விசாரிக்காமல் சேர்த்துக்கொள்ளும் இடம், உங்களுக்கு முன் வந்தவர்களையும் அப்படித்தான் சேர்த்திருக்கும். கட்டணத்தை நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்வது, முன்பு போய்வந்தவர்களின் தொடர்பைத் தர மறுப்பது, இங்கே செய்ய உங்களுக்குத் தகுதியில்லாத வேலையை அங்கே தருவதாக ஆசை காட்டுவது ஆகியவையும் கெட்ட அறிகுறிகள். இங்கே ஊசி போட அனுமதியில்லாதவருக்கு எல்லை தாண்டியதும் அந்தத் தகுதி வந்துவிடாது.

"காத்மாண்டு வந்துவிடுங்கள், அங்கிருந்து வேறு நாட்டுக்கு அனுப்புகிறோம்" என்று யாராவது சொன்னால் அத்தோடு பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். சொன்ன நாடு ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் வேறு என்பதே அந்த மோசடியின் அடிப்படை.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஒன்று, பதிவு. நேபாளத்துத் தொண்டு நிறுவனம் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதை முறையாகப் புதுப்பித்தும் வர வேண்டும். அந்நாட்டில் பணியாற்றும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் என்றால் சமூக நல மன்றத்தோடு (தொண்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் நேபாள அரசு அமைப்பு) ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். நகல் கேளுங்கள். ஒழுங்கான நிறுவனம் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாது.

இரண்டு, இந்த வேலையைக் கேட்டது யார்? 2015 அரசமைப்புக்குப் பிறகு நேபாளத்தில் 753 உள்ளாட்சி அமைப்புகள் (பாலிகா) இருக்கின்றன. அவற்றின் கீழ் வார்டு அலுவலகங்களும், ஊர்களில் அம்மாக்கள் குழுக்களும் வனப் பயனாளர் குழுக்களும் இயங்குகின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று, இப்படியொரு வேலைக்கு ஆள் தேவை என்று சொல்லியிருக்கிறதா? அமைப்பின் பெயரோடு பதில் வர வேண்டும்.

மூன்று, மேற்பார்வை. உங்களுக்கு வேலை சொல்பவர் யார், அவருடைய படிப்பும் அனுபவமும் என்ன, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உங்களோடு உட்கார்ந்து பேசுவார் என்று கேளுங்கள். அவர் உள்ளூர்க்காரராக இருப்பது நல்லது.

நான்கு, பாதுகாப்பு. குழந்தைப் பாதுகாப்பு நெறிமுறை (குழந்தைகளிடம் யார், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைத்த விதிகள்) இருக்கிறதா? பாலியல் தொல்லை பற்றிப் புகார் செய்ய வேண்டியது யாரிடம்? மேற்பார்வையாளர் மீதே புகார் என்றால் எங்கே போவது?

ஐந்து, நீங்கள் திரும்பிய பிறகு அந்த வேலையைத் தொடர்வது யார்? யாரும் இல்லை என்றால், அது உங்களுக்காகவே உருவாக்கிய வேலை.

எந்த மாதத்தில் போவது?

நம் கல்லூரிகளின் விடுமுறை மே, ஜூன் மாதங்களில் வருகிறது. நேபாளத்து மலைக் கிராமங்களுக்கு அது வசதியான காலம் அல்ல. ஹும்லா, ஜும்லா, டோல்பா போன்ற மாவட்டங்களில் அப்போதுதான் யார்சாகும்பா (மலைப் புல்வெளியில் புழுவின் மீது வளரும், பெரும் விலை போகும் பூஞ்சை) எடுக்கக் குடும்பம் குடும்பமாக மேலே ஏறிவிடுவார்கள், பள்ளிகள்கூட மூடிக்கிடக்கும். ஜூன் கடைசியில் பள்ளத்தாக்குகளில் நாற்று நடவு. சேற்றில் நிற்பவரிடம் நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தை நீட்டினால் மரியாதைக்கு ஏதோ சொல்வார். அந்தத் தரவு எதற்கும் உதவாது. நேபாளத்தின் நிதியாண்டு ஜூலை நடுவில் தொடங்குகிறது. ஆண்டு முடியும் அவசரத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் வார்டு அலுவலர்களுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழையும் மண்சரிவும் உண்டு. 2024 ஜூலையில் சித்வன் மாவட்டத்தில் மண்சரிவு இரண்டு பேருந்துகளை அப்படியே திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. கல்லூரி ஒப்புக்கொண்டால் நவம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களைக் கேட்டுப் பாருங்கள். கோடையில்தான் போக முடியும் என்றால் காத்மாண்டு பள்ளத்தாக்கிலோ தாழ்வான மாவட்டத்திலோ இருக்கும் பணியைத் தேர்ந்தெடுங்கள். மலைப்பாதையில் இரவுப் பேருந்து ஏறாதீர்கள்.

ஆவணமும் பணமும்

விமானத்தில் செல்லும் இந்தியர்களுக்குக் கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஆதார் செல்லாது. "விசாதான் வேண்டாமே" என்று ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்த் திரும்பாதீர்கள். கடவுச்சீட்டு இருந்தால் அதையே எடுத்துச் செல்லுங்கள். கல்லூரிக் கடிதம், நிறுவனத்தின் அழைப்புக் கடிதம், பணியின் பெயரும் காலமும் குறித்த ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்கள் உங்களிடமும் வீட்டிலும் இருக்கட்டும்.

இந்திய நூறு ரூபாய்க்கு நேபாள 160 ரூபாய் என்ற விகிதம் 1993 முதல் மாறவில்லை. ஆனால் பெரிய இந்திய நோட்டுகளைக் கொண்டுசெல்வது பற்றிய விதிகள் மாறி வந்திருக்கின்றன. கிளம்பும் வாரத்தில் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடல்நலம்: பயம் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம்

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். மழைக்காலத்தில் தராய் (இந்திய எல்லையை ஒட்டிய சமவெளி) பகுதியில் தங்குவதாக இருந்தால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். கடையில் வாங்கும் பெரிய கேன் தண்ணீரையும் நம்பிக் குடித்துவிட வேண்டாம்.

மலைநோய் (உயரத்தில் உயிர்வளி குறைவதால் வரும் உபாதை) வலுவான இளைஞரையும் விடாது. நேபாள்கஞ்ச் கடல்மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சிறு விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், ஹும்லா மாவட்டத்துச் சிமிகோட்டில் இறங்குவீர்கள். உடல் பழகுவதற்கு நேரமே இல்லை. தலைவலியோடு குமட்டல், தலைச்சுற்றல், தூக்கமின்மை சேர்ந்தால் அதை மலைநோய் என்றே எடுத்துக்கொண்டு அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பூண்டு சூப் குடித்தால் சரியாகிவிடும் என்று வழிநெடுகச் சொல்வார்கள். குளிருக்கு இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் அது மருந்தல்ல. 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவில் தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். அசிட்டசோலமைடு (மலைநோயைத் தடுக்க உதவும் மாத்திரை) வேண்டுமா என்பதை, சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லி, மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நாயோ, கோயில் குரங்கோ கடித்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் விடாமல் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குச் செல்லுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் வைக்காதீர்கள். தொலைதூரக் கிராமத்தில் தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே இந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது நல்லது.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். 2022இல் காத்மாண்டு உட்பட நாடு முழுவதும் டெங்கு பெரிய அளவில் பரவியது. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவை ரத்தக்கசிவை அதிகமாக்கும். உடலில் எங்காவது கருகிய பொருக்கு போன்ற சிறு புண் இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்) நேபாளத்தில் உண்டு. நிலவேம்புக் கசாயமோ, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கோ பரிசோதனைக்கு ஈடாகாது.

களத்தில் உங்கள் இடம்

நேபாளத்தில் 1988 முதல் பெண் சமுதாயச் சுகாதாரத் தொண்டர் திட்டம் நடக்கிறது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பெண்கள் தங்கள் ஊரிலேயே வைட்டமின் ஏ கொடுப்பது முதல் கர்ப்பிணிகளைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது வரை செய்கிறார்கள். 1993 வனச் சட்டம் வழிவகுத்த பிறகு, இருபதாயிரத்துக்கு மேற்பட்ட சமுதாய வனக் குழுக்கள் தங்கள் காட்டைத் தாங்களே நிர்வகிக்கின்றன. நீங்கள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வேலை இது. அங்கே நீங்கள் மாணவர். ஆசிரியர்கள் அந்தப் பெண்கள்.

அம்மாக்கள் குழுக் கூட்டம் ஒன்றைப் பாருங்கள். சுகாதாரத் தொண்டரின் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். நடுவே சேமிப்புப் பணம் இருக்கும் சிறு தகரப் பெட்டி. ஒருவர் பெயர் வாசிக்க, ஒவ்வொருவராகப் பணத்தை வைத்துக் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள். பதிவேட்டில் எண்கள் தேவநாகரியில் இருக்கும். ஆண்டு, நேபாள நாட்காட்டியான விக்ரம் சம்வத்தில் இருக்கும். சித்திரை பிறந்ததிலிருந்து டிசம்பர் வரை நம் ஆங்கில ஆண்டோடு 57 கூட்ட வேண்டும். இதைப் படிக்கத் தெரியாதவர் அந்தக் குழுவின் கணக்கைப் பற்றி ஆலோசனை சொல்ல முடியாது. எனவே போவதற்கு முன் தேவநாகரி எண்கள், நேபாள மாதங்கள், ஐம்பது அன்றாடச் சொற்றொடர்கள் ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்ற முயலாமல் கூட்டங்களில் உட்காருங்கள். மூன்றாவது வாரம், "உங்கள் வேலையில் எதற்கு அதிக நேரம் பிடிக்கிறது?" என்று கேளுங்கள். தொண்டர் ஒரே விவரத்தை மூன்று பதிவேடுகளில் எழுதிக்கொண்டிருக்கலாம். சுகாதார நிலையத்தோடு பேசி அதை ஒன்றாகக் குறைக்க உதவினால் அதுவே நல்ல இன்டர்ன்ஷிப். யாரும் கேட்காத செயலி ஒன்றை உருவாக்கித் தந்துவிட்டு வருவது உங்கள் சுயவிவரத்துக்கு மட்டும் உதவும்.

மனம் கொதிக்கும் காட்சிகளையும் பார்ப்பீர்கள். நாட்டின் மேற்கு மாவட்டங்களில் சௌபடி (மாதவிலக்கான பெண்ணை வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்க வைக்கும் வழக்கம்) இன்னும் இருக்கிறது. 2017இல் இயற்றிய சட்டம் அதைக் குற்றமாக்கியது. பிறகு அரசு குடிசைகளை இடித்துத் தள்ளியபோது, சில இடங்களில் குடிசை மீண்டும் முளைத்தது. சில இடங்களில் பெண்கள் அதைவிட மோசமான இடத்தில் படுக்க நேர்ந்தது. சட்டமும் அரசும் இவ்வளவு தடுமாறும் இடத்தில், ஒரு புகைப்படத்தைப் பதிவிட்டு நீங்கள் எதையும் மாற்றிவிட முடியாது; அந்தப் பெண்ணின் முகம்தான் ஊரறியப் போகும். படம் எடுக்காதீர்கள். மேற்பார்வையாளரிடமும் சுகாதாரத் தொண்டரிடமும் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் வார்டு அலுவலகத்துக்கும் காவல்துறைக்கும் அவர்கள் மூலம் உடனே தகவல் போக வேண்டும்.

சிக்கல் வந்தால்

கிளம்பும் முன்பே வீட்டாரோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மலையில் தொலைபேசித் தொடர்பு அறுந்துபோவது சாதாரணம். வாரம் எந்த நாளில் பேசுவது, அந்த நாள் தவறினால் எத்தனை நாள் பொறுப்பது, பிறகு யாரை அழைப்பது என்று எழுதிவைத்தால் பெற்றோர் பதற வேண்டியதில்லை. முதலில் மேற்பார்வையாளர், அடுத்து நிறுவனத்தின் காத்மாண்டு அலுவலகம், அதன் பிறகு இந்தியத் தூதரகம் என்று வரிசை இருக்கட்டும். 2025 செப்டம்பரில் இளைஞர் போராட்டம் வெடித்து ஆட்சி கவிழ்ந்தபோது காத்மாண்டு விமான நிலையம் மூடப்பட்டது. அப்படிப்பட்ட நாட்களில் தங்குமிடத்தை விட்டு வெளியேறாமல், தூதரகத்தின் அறிவிப்பைக் கேட்டு நடப்பதே சரி. எல்லையை நோக்கிக் கிடைத்த வண்டியில் ஏறி ஓடுவது அல்ல. பத்து நாளுக்குத் தேவையான பணம் எப்போதும் கையில் இருக்கட்டும்.

சொன்ன வேலை ஒன்று, தந்தது வேறு என்றால் முதல் வாரமே எழுத்தில் தெரிவித்து, கல்லூரிக்கும் நகல் அனுப்புங்கள். கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டாலோ, தொல்லை தந்தாலோ கட்டிய கட்டணத்தை நினைத்துத் தயங்காமல் கிளம்பிவிடுங்கள். தூதரகத்துக்கும் தகவல் சொல்லுங்கள். ஊரில் வெறும் தனிமையும் சோர்வும் என்றால் அவசரப்பட வேண்டாம். புது இடத்தில் முதல் சில வாரங்கள் அப்படித்தான் இருக்கும். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் மருத்துவ உதவியை நாடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது எளிது. மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி ஒரு வாரம் காத்திருங்கள். பெயரோடும் நகல்களோடும் பதில் வந்தால் மருத்துவரைப் பார்க்க நாள் குறியுங்கள். "வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் பணம் கட்டாதீர்கள். அந்த இரண்டு மாதத்தை உங்கள் மாவட்டத்திலேயே ஒரு மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பில் செலவிடுங்கள். அங்கே கணக்குப் பதிவேடு படிக்கக் கற்றவருக்கு அடுத்த ஆண்டு நேபாளத்தில் நல்ல நிறுவனமே இடம் தரும்.